பதினான்கு மாதம் தண்ணீர் காணாத ஜீன்ஸ்

துணி துவைக்காமல் இருப்பது சோம்பேறிகளின் வேலை என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது முழுநேர உத்தியோகம், வார விடுமுறை கிடையாது, உடம்பை வருத்த வேண்டும், மனைவியின் ஒத்துழைப்பு இல்லாமல் ஒரு நாள்கூட நடக்காது என்பதையெல்லாம் சாயம் என்று நாங்கள் கூப்பிட்ட மனிதரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் பன்னிரண்டு வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்தில் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் ஆறு பேர் இருந்தார்கள். பத்திரிகையில் உதவி ஆசிரியராக நானும் இருந்தேன். எங்கள் எல்லாருடைய உழைப்பையும் கூட்டினாலும் சாயத்தின் உழைப்புக்கு ஈடாகாது. அந்த உழைப்பு முழுவதும் ஒரே ஒரு ஜீன்ஸைத் தண்ணீரில் நனைக்காமல் காப்பதற்காக.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. கீழே தபால் பெட்டியில் எழுதியும் வைத்திருந்தார். ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வேலை. சிறிய இயந்திரம் ஒன்றின் விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றி, சாயம் ஏற்றிய துணியின் மேல் பத்துத் தடவை தேய்க்க வேண்டும். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் சரக்கு கப்பல் ஏறும். கொஞ்சம் நிறம் ஒட்டினாலும் மொத்தச் சரக்கும் சாயப்பட்டறைக்குத் திரும்பிப் போகும். வாசலில் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்த மணி இந்த விவரத்தைக் கேட்ட அன்றே ‘சாயம் சார்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒரே வாரத்தில் தபால்காரரும் அதையே சொன்னார்.

பகலெல்லாம் சாயம் போகக் கூடாது என்று சம்பளம் வாங்கியவர், மற்ற நேரமெல்லாம் சாயம் போக வேண்டும் என்று தவம் கிடந்தார். விஷயம் அவ்வளவுதான்.

கடைகளில் நாம் வாங்கும் ஜீன்ஸ் அங்கங்கே வெளுத்துத்தான் வருகிறது. அது தொழிற்சாலையிலேயே கல்லைப் போட்டும் மருந்தைப் போட்டும் வெளுக்க வைத்தது. சாயத்துக்கு அது பொய்க் கணக்கு. அவருடைய ஜீன்ஸ், சாயம் ஏற்றிய பிறகு தண்ணீரே படாத துணியில் தைத்தது. கறுப்பு என்று சொல்லத்தக்க நீலம். வந்த அன்று அதைப் பெட்டியிலிருந்து எடுத்து ஹாலில் நிறுத்தினார். யாரும் பிடிக்காமல் அதுவாக நின்றது. இதைத் தினமும் போட வேண்டும், துவைக்கக் கூடாது. இடுப்பு மடிகிற இடம், முட்டி மடிகிற இடம், பாக்கெட்டில் பொருள் உறுத்துகிற இடம் ஆகியவற்றில் மட்டும் சாயம் தேய்ந்து கழன்றுகொண்டே வரும். மற்ற இடமெல்லாம் இருட்டாகவே இருக்கும். ஓராண்டுக்கு மேல் பொறுத்திருந்து முதல் தடவை துவைத்தால், இருட்டுக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அவசரப்பட்டு முன்பே துவைத்தால் மொத்தமும் ஒரே மாதிரி வெளுத்துவிடும்.

“கருமேகத்துல மின்னல் வெட்டுன மாதிரி இருக்கோணுமுங்க” என்பார் சாயம். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். பேண்ட்டைப் பற்றிப் பேசும்போதுகூட மரியாதை குறையாது.

இதற்கு முன் இரண்டு ஜீன்ஸ்கள் வீணாகியிருந்தன. முதலாவதை அவர் மனைவி செல்வி, கணவர் மேல் இருந்த அன்பினால், மூன்றாவது மாதம் வெந்நீரில் சோப்புத் தூள் போட்டு ஊறவைத்துவிட்டார். அது பள்ளிச் சீருடை நிறத்தில் வெளியே வந்தது. இரண்டாவதை எட்டு மாதம் காப்பாற்றி, சாயமே தம் கையால் எங்கள் அடுக்ககத்து போர் தண்ணீரில் நனைத்தார். எங்கள் போர் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, புது பக்கெட் ஒரு மாதத்தில் பழுப்பாகிவிடும். ஜீன்ஸ் காய்ந்தபோது உடல் முழுக்க மஞ்சள் புள்ளிகள். சாயம் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்ததாகச் செல்வி சொன்னார்.

செல்வி மாங்காட்டில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் வரையறுத்துக்கொள்வார். மூன்றாவது ஜீன்ஸ் வந்த அன்று எனக்கு முன்னால்தான் ஒப்பந்தம் போட்டார்.

“மூணாவதுதானுங்க கடைசி. இதும் போச்சுன்னா மறுபடி சாதா பேண்ட்டுதான். அப்பறம் பேச்சு மாறக் கூடாது.”

சாயம் ஒப்புக்கொண்டார். சாட்சியாக நானும் தலையாட்டினேன்.

அவருடைய இடுப்பு முப்பத்து நாலு. ஜீன்ஸ் முப்பத்திரண்டு. இறுக்கமாக இருந்தால்தான் மடிப்பு அழுத்தமாக விழுமாம். முதல் மாதம் அவர் உட்காரும்போதும் எழும்போதும் தகரக் கதவைத் திறப்பது போல ஒரு சத்தம் வரும். உட்காருவதற்கு முன்னால் ஒரு முறை சுற்றிப் பார்ப்பார். எதிரே இருப்பவர்கள், பாவம் மனிதருக்கு ஏதோ மூலக் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள்.

உட்கார்ந்த இடமெல்லாம் நீலமானது தனிக் கதை. அந்த மாதம்தான் வீட்டுக்குச் சந்தன நிறத்தில் ஒரு சோபா வாங்கியிருந்தேன். சாயம் வந்தார், வலது ஓரத்தில் உட்கார்ந்து காபி குடித்தார், எழுந்தார். அவர் இருந்த இடத்தில் இரண்டு அரச இலைகள் போல நீலம். என் மனைவி அதைப் பார்த்தாள். நான் என் மனைவியைப் பார்த்தேன். சாயம் மட்டும் குனிந்து, பரிசோதனைக்கூடக் கண்ணோடு சோபாவைப் பார்த்தார்.

“அஞ்சுக்கு ஒண்ணரை மார்க்குதான் போடலாமுங்க. சாயம் நிக்கவே இல்ல. அருமையா வருது.”

“சோபா?” என்றேன்.

“தொவைச்சாப் போயிருமுங்க. தண்ணி மட்டும் நல்லா இருக்கோணும்.”

முட்டிக்குப் பின்புறம் தேன்கூடு மாதிரி வெள்ளைக் கோடுகள் விழ வேண்டும் என்பது அவருடைய அடுத்த கவலை. அதற்கு உட்கார்ந்து உட்கார்ந்து எழ வேண்டும். வெறுமனே மாடியில் செய்தால் பைத்தியம் என்பார்கள். யோசித்து, தெருமுனைப் பிள்ளையார் கோயிலைத் தேர்ந்தெடுத்தார். தினமும் காலையில் ஜீன்ஸோடு போய், காதைப் பிடித்துக்கொண்டு நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போடுவார். மூன்றே மாதத்தில் எங்கள் தெருவின் பெரிய பக்தர் அவர்தான் என்றாகிவிட்டது. பிள்ளைகளைத் திட்டுகிற அம்மாக்கள் அவரை உதாரணம் காட்டினார்கள். குருக்கள் ஒரு நாள் பரிவோடு, அப்படி என்ன வேண்டுதல் என்று கேட்டார். சாயத்துக்குப் பொய் சொல்ல வராது.

“முட்டிக்குப் பின்னாலதானுங்க சாமி” என்றார்.

குருக்கள் அதை மூட்டுவலி என்று எடுத்துக்கொண்டு ஒரு தைலத்தின் பெயரைச் சொன்னார். போதாதற்குச் சின்ன வட்ட டப்பா நிறையத் திருநீறும் கொடுத்தார். அந்த டப்பா சாயத்தின் இடது முன் பாக்கெட்டில் குடியேறியது. பின்னால் அந்த இடத்தில் வளர்பிறையாக ஆரம்பித்து முழுநிலாவாக முடிந்த வட்டம் குருக்களின் உபயம்.

வலது பாக்கெட் செல்போனுக்கு. மச்சினன் துபாயிலிருந்து பெரிய போன் ஒன்று கொண்டுவந்து கொடுத்தபோது சாயம் அளந்து பார்த்தார். பழைய போனைவிட ஒரு விரற்கடை நீளம் அதிகம். பாக்கெட்டில் வைத்தால் இரண்டு கோடு விழும். புது போனை மஞ்சள் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார். விரிசல் விட்ட பழைய போன், உயிர் போன பிறகும், பாக்கெட்டில் பதவியில் இருந்தது.

பிறகு கஞ்சி. மடிப்புகள் கலையாமல் நிற்க, சோறு வடித்த கஞ்சியைத் தூரிகையால் தொடையிலும் முட்டிக்குப் பின்னாலும் தடவிக் காயவிட்டார். மடிப்பு நன்றாகவே நின்றது. கஞ்சியின் வாசனைக்கு எறும்பு வரும் என்பதை மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை. அம்பத்தூர் போகும் பஸ்ஸில், வானகரம் தாண்டும்போது முதல் எறும்பு கடித்ததாம். இறங்க முடியாத கூட்டம். சாயம் நின்ற இடத்திலேயே ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர் கண்டக்டரிடம், சாருக்கு அவசரம் போலிருக்கிறது, வண்டியை ஓரங்கட்டுங்கள் என்று சிபாரிசு செய்தார். நிறுத்தினார்கள். கூச்சத்தில் உண்மையைச் சொல்ல முடியாமல் இறங்கி, மதுரவாயல் பைபாஸ் ஓரத்தில் நின்று எறும்புகளை ஒவ்வொன்றாக எடுத்தார். தட்டிவிடவில்லை. தட்டினால் மடிப்பு கலைந்துவிடும்.

இந்தக் கஞ்சி விவகாரத்தில் மனம் புண்பட்டவர் இஸ்திரி மணிதான். சாயத்தின் சட்டைகள் மட்டும் வண்டிக்கு வரும், பேண்ட் வராது. ஒரு நாள் என்னிடம் முறையிட்டார்.

“நான் இன்னா சார் தப்பு பண்ணேன்? அவரு பேண்ட்டு பக்கத்துல போனாலே என்னப் போலீஸக் கண்ட மாதிரி பாக்குறாரு. சுருக்கத்த எடுக்கத்தான் நான் இங்க கீறேன். அவரு இன்னாடான்னா சுருக்கத்துக்குக் கஞ்சி ஊத்தி வளத்துகினு கீறாரு. இதெல்லாம் தொழிலுக்கு நல்லதா?”

இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டால் ஓராண்டு மடிப்பு ஒரே நிமிடத்தில் போய்விடும் என்று சாயம் பயந்தார். மணியைத் தூரத்தில் கண்டாலே எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார். இந்த விலகல்தான் அவர் செய்த ஒரே பெரிய தவறு என்பது பின்னால் தெரிந்தது.

ஏழாவது மாதம் காலில் சுளுக்கு என்று பூந்தமல்லியில் ஒரு டாக்டரிடம் போனார். துணைக்கு நான். டாக்டர் இடுப்புக்குக் கீழே பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டு தொடைகளும் நல்ல நாவல் நிறத்தில் இருந்தன. ரத்த ஓட்டத்தைச் சோதிக்க வேண்டும் என்று சீட்டெழுதத் தொடங்கினார்.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“ஏழு மாசமாச்சுங்க.”

“வலி இருக்கா?”

“இல்லீங்க. பெருமையாத்தான் இருக்குது.”

நான் குறுக்கிட்டு விளக்கினேன். டாக்டர் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, கீழே குனிந்து ஜீன்ஸின் முட்டியை ஆர்வமாகப் பார்த்தார். இறுதியில் சுளுக்கை மறந்துவிட்டோம்.

நாற்றம் பற்றிக் கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். ஞாயிறுதோறும் ஜீன்ஸை உட்புறம் வெளியே வரும்படித் திருப்பி, மாடியில் நிழலில் காற்றாட விடுவார். கீழே இறக்கியதும் செல்வி அதைக் கொடியில் தொங்கவிட்டு, பிறந்த குழந்தையின் தலைமுடிக்குக் காட்டுவது போலச் சாம்பிராணிப் புகை காட்டுவார். அதனால் சாயம் அருகில் வந்தால் பேறுகால வீட்டு வாசனைதான் வரும். போகிப் பண்டிகை அன்று மட்டும் ஜீன்ஸைக் கழற்றவே மாட்டார். யாராவது பழைய துணி என்று நல்லெண்ணத்தோடு எரித்துவிடுவார்கள் என்ற பயம்.

பதினான்காம் மாதம் நெருங்கியபோது கால்கள் சேரும் இடத்தில் நூல் இளைக்கத் தொடங்கியது. சாயம் பரிசோதனைக் கூடத்து பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். வியர்வை உப்பு நூலை அரிக்கிறது. இன்னும் ஒரு மாதம் போட்டால் கிழிந்துவிடும். துவைக்கும் நாள் வந்துவிட்டது.

எந்தத் தண்ணீரில் என்பதுதான் கேள்வி. போர் தண்ணீர் பற்றி அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கேன் தண்ணீர் இருக்கிறதே என்றேன் நான். செல்வி என் பக்கம் திரும்பினார். “குடிக்கற தண்ணில பேண்ட்டு தொவைக்கறதுன்னா நீங்க ரெண்டு பேரும் வேற ஊடு பாத்துக்கோங்க” என்றார். மிஞ்சியது மழைத் தண்ணீர். டிசம்பர் மாதத்தின் கடைசி மழையில் சாயம் மொட்டை மாடியில் இரண்டு பெரிய டிரம்களை நிறுத்தி, துணி கட்டி வடிகட்டி, விளிம்பு வரை பிடித்து வைத்தார். பொங்கல் விடுமுறையில் காணும் பொங்கலன்று காலை முதல் சலவை என்று நாள் குறித்தார்.

இங்கேதான் செயலாளர் வருகிறார். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், பொருளாளர், பெரும்பாலும் சங்கமும் அவரே. டிரம்களைப் பார்த்ததும், கொசு வரும், மாடி பொதுச் சொத்து, எடுங்கள் என்றார். சாயம் மூடியையும் துணியையும் காட்டினார். செயலாளர் விதியைக் காட்டினார். அறிவிப்பு ஒட்டப்பட்டது. “தனிநபர் நீர்க்கலன்கள் காணும் பொங்கலன்று மாலைக்குள் அகற்றப்பட வேண்டும்.” சங்கத்தின் அறிவிப்புகளை எல்லாம் எழுதுவது என் வேலை. அந்த வாசகமும் என்னுடையதுதான்.

பொங்கலுக்கு முந்திய வாரம் செயலாளரின் மகள், முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், ஆஸ்பத்திரியிலிருந்து பெண் குழந்தையோடு திரும்பினாள். பொங்கலன்று எங்கள் போர் மோட்டார் எரிந்துபோனது. மோட்டார் மெக்கானிக் விழுப்புரம் பக்கம் சொந்த ஊருக்குப் போயிருந்தார். தண்ணீர் லாரிக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. டிரைவர்களுக்கும் பொங்கல் உண்டு. கேன் கடை பூட்டியிருந்தது. பன்னிரண்டு வீட்டில் எட்டு வீடு ஊருக்குப் போயிருந்ததால், மேல் தொட்டியில் இருந்தது மாட்டுப் பொங்கல் மதியம் வரை தாக்குப் பிடித்தது.

காணும் பொங்கலன்று காலை எட்டு மணிக்கு மாடிக்குப் போனேன். சாயம் அழைத்திருந்தார். வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறோடு இருந்தார். முன்னால் பெரிய டப்பில் மழைத் தண்ணீர், கண்ணாடி போல. உள்வெளியாகத் திருப்பிய ஜீன்ஸ் கையில். செல்வி பக்கத்தில் நின்றார். பதினான்கு மாத உழைப்பு இன்னும் ஒரு நிமிடத்தில் தண்ணீரைப் பார்க்கப் போகிறது.

படியில் காலடிச் சத்தம். செயலாளர் ஒரு காலிக் குடத்தோடு வந்தார். எங்களைப் பார்த்ததும் குடத்தை உடம்புக்குப் பின்னால் நகர்த்தினார். நேரே மேல் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

“ஏதாவது தேங்கியிருக்கான்னு பாக்க வந்தேன்” என்றார் பொதுவாக.

“இல்லீங்க. நேத்து மத்தியானமே காலிங்க” என்றார் சாயம்.

செயலாளர் மூடியை மூடினார். மூடிய பிறகும் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். டப்பின் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை. அப்படிப் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

“பாப்பா எப்படிங்க இருக்குது?” என்று கேட்டார் செல்வி.

“நல்லா இருக்கா. துணிதான்... நேத்திலேருந்து பதினேழு துணி கிடக்கு. குளிப்பாட்டவும் இல்ல.” எண்ணிக்கை சரியாகச் சொல்வது அவருக்குத் தொழிற்சாலைப் பழக்கம். குரல் மட்டும் பழைய குரலாக இல்லை.

சாயம் ஜீன்ஸைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு, யாரோ சந்தேகம் கேட்டு வந்த மாதிரி, அலுவலகக் குரலில் பேசினார்.

“ஏனுங், குழந்தை துணிக்கு என்ன சோப்புங்க போடறீங்க?”

“சாதாரண பார் சோப்பு.”

“அதே போதுமுங்க. இது மழைத் தண்ணி, கொஞ்சம் தேச்சாலே நுரை தள்ளிரும். ரெண்டு அலசுக்கு மேல வேண்டாம். குளிப்பாட்டறதுக்கு இந்த டப்புத் தண்ணி சரியா இருக்குமுங்க, நான் இன்னும் கை வைக்கல.”

எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் தனியாகச் சொல்லவில்லை. ஜீன்ஸைக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு, டப்பின் ஒரு காதைப் பிடித்தார். மறு காதைச் செயலாளர் பிடித்தார். மூன்று மாடி இறங்கினார்கள். செல்வி குடத்தை நிரப்பினார். நான் பக்கெட்டைத் தூக்கினேன்.

அடுத்த நாள் மாலை வரை அந்த இரண்டு டிரம்கள்தான் எங்கள் நான்கு வீடுகளுக்கும் தண்ணீர். முதல் உரிமை குழந்தைக்கு. கடைசிச் சொம்பும் போன பிறகு, சாயம் டிரம்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து செயலாளரின் கதவைத் தட்டினார்.

“நோட்டீஸ்ல சொன்ன தேதிக்கு ஒரு நாள் லேட்டுங்க. டிரம்ம காலி பண்ணிட்டமுங்க.”

கிண்டல் இல்லை. தகவலாகத்தான் சொன்னார். செயலாளர் கதவை அகலத் திறந்தார். உள்ளே போய்க் குழந்தையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். சாம்பிராணி வாசனை தெரிந்த வாசனையாக இருந்ததோ என்னவோ, அது அழவில்லை.

மோட்டார் சரியானது. லாரிகள் வந்தன. அந்தத் தண்ணீரும் ஏதோ போரிலிருந்து எடுத்ததுதான். இனி மழை அடுத்த ஆடிக்கோ ஐப்பசிக்கோ. ஜீன்ஸ் கொடியில் தொங்கியது. போட்டால் கிழியும், நனைத்தால் கறை படும். சாயம் சாதாரண பேண்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். தோப்புக்கரணம் நின்றது. முட்டி சரியாகிவிட்டது என்று குருக்கள் மகிழ்ந்தார். ஒப்பந்தப்படித் தோற்றதாகத்தானே அர்த்தம் என்று செல்வியிடம் கேட்டேன். டீச்சர் யோசித்தார். “இன்னும் போகலீங்களே. நிலுவைல இருக்குது” என்றார். அவர் அப்படி விதியை வளைத்து நான் பார்த்ததில்லை.

சாதாரண பேண்ட்டுக்கு இஸ்திரி வேண்டும். முதல் தடவையாகச் சாயம், கையில் பேண்ட்டோடு, மணியின் வண்டிக்குப் போனார். மணி முகத்தில் வெற்றிக் களை. ஆனால் சாயத்தின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அப்போது அவர் என்னுடைய வெள்ளைச் சட்டைக்குப் பாட்டிலிலிருந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். சாயம் சட்டையையே பார்த்தார். மஞ்சள் புள்ளி ஒன்றுகூட இல்லை.

“இது எந்தத் தண்ணிங்க?”

“ஏசி தண்ணி சார். மருந்துக் கடைக்குப் பின்னால பைப்புல சொட்டிகினே கீது, பிடிச்சுக்குவேன். போர் தண்ணி தெளிச்சா வெள்ளச் சட்ட பாழாப் பூடும். பத்து வருசமா இதான்.”

சாயம் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கும் நீர். உப்பில்லை, இரும்பில்லை. பரிசோதனைக்கூடத்தில் இருப்பவருக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

“இத்தன நாளா சொல்லவே இல்லீங்களே மணி.”

“நீங்க எங்க சார் என்னாண்ட பேசினீங்க? என்னப் பாத்தாலே எதிர்ப்பக்கம் ஓடிகினு கீறீங்க.”

விஷயம் காதுக்கு எட்டியதும், அன்றே செயலாளர் என்னை வரச்சொன்னார். அறிவிப்பு எழுத வேண்டும். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். “குடியிருப்போர் அனைவரும் இன்று முதல் மறு அறிவிப்பு வரை தங்கள் ஏசியை ஓட்டும்படியும், வெளியேறும் நீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து இரண்டாம் மாடியில் ஒப்படைக்கும்படியும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” இரண்டாம் மாடி என்றால் சாயத்தின் வீடு. காரணம் எழுதவா என்றேன். “எல்லாருக்கும் தெரியும்” என்றார். எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

தை மாதம். வாடைக் காற்று. சென்னையில் மின்விசிறிகூட வேண்டாத ஒரு சில வாரங்கள் அவை. பன்னிரண்டு வீடுகளிலும் ஏசி ஓடியது. ஐ.டி. கம்பெனிக்காரர்கள் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டு வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். என் மனைவி போர்வைக்குள் இருந்தபடி, அந்த பேண்ட் நன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் நான் சும்மா விடமாட்டேன் என்றாள். செயலாளர் வீட்டில் குழந்தை இருந்த அறையை விட்டு ஹால் ஏசி மட்டும் ஓடியது. தலையில் மப்ளர் கட்டி, அதன் எதிரே அவர் தனியாகக் காவல் உட்கார்ந்திருந்தார். பால் குக்கர், பிரியாணி அண்டா, பூவாளி என்று பாத்திரங்கள் சாயம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன. மணி ஐந்து பாட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு வண்டிக்குத் திரும்பினார். நான்காம் நாள் டப் நிரம்பியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாரும் மாடியில் நிற்க, சாயம் ஜீன்ஸைத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கினார். டப் முழுவதும் மை கரைத்தது போலானது. முக்கால் மணி நேரம் யாரும் கீழே போகவில்லை. எடுத்து, பிழியாமல், நிழலில் தொங்கவிட்டார்.

காய்ந்ததும் திருப்பினார். இடுப்பிலிருந்து பிரிந்து ஓடிய கோடுகள் பால் வெள்ளை. முட்டிக்குப் பின்னால் தேன்கூடு. இடப் பக்கம் திருநீற்று நிலா. வலப் பக்கம் இறந்துபோன போனின் செவ்வகம். மற்றதெல்லாம் மழைக்கு முந்திய வானம். மஞ்சள் புள்ளி எங்கும் இல்லை. சாயம் கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். நான்கு நாள் ஏசிக் குளிரில் பிடித்த சளியாகவும் இருக்கலாம்.

“இஸ்திரி போட்டு குடுக்கட்டா சார்?” என்றார் மணி.

சாயம் பதறிப்போய் ஜீன்ஸை மார்போடு அணைத்துக்கொள்ள, மாடியே சிரித்தது. மணிதான் அதிகம் சிரித்தார். அந்த வாரம் முழுவதும் குழந்தையைப் பார்க்க வந்தவர்களைச் செயலாளர் அப்படியே மாடிக்கும் கூட்டிக்கொண்டுபோய் ஜீன்ஸையும் காட்டி அனுப்பினார்.

நான் இப்போது திருவேற்காட்டில் குடியிருக்கிறேன். சோபாவையும் கொண்டுவந்துவிட்டேன். அதன் வலது ஓரத்தில் அந்த இரண்டு நீல இலைகளும் அப்படியே இருக்கின்றன. வருகிற விருந்தாளிகள் எல்லாரும் துவைத்தால் போய்விடும் என்று யோசனை சொல்கிறார்கள். இந்தப் பக்கம் தண்ணீர் சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.